ஆந்தைக் காசும் நான் போட்ட ரிஜெக்ட் முத்திரையும்

1998-ஆம் வருஷம். மழை ஓய்ந்து, ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று பெங்களூர் யோசித்துக்கொண்டிருந்த மாதம். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இது நடந்தது. நான் விருப்பப்பட்டுப் பள்ளிக்கூடம் போன காலம் அது ஒன்றுதான். சின்ன வயதில் மூன்றாம் வகுப்போடு நானும் படிப்பும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். வாத்தியாரும் அழவில்லை, நானும் அழவில்லை.

அந்த வகுப்பறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காசு சேர்ப்பவர்கள் கூடுவோம். ஒரு இருபது பேர் வருவார்கள். பெஞ்சு மேல் துண்டை விரித்து, அதன் மேல்தான் காசை வைக்க வேண்டும். கை தவறினாலும் அடிபடக் கூடாது. காசின் முகத்தைத் தொடக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். குழந்தை பிறந்த வீட்டில்கூட இவ்வளவு சட்டம் கிடையாது.

வாசலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேஜை உண்டு. வெளியாட்கள் தங்கள் வீட்டுக் காசைக் கொண்டுவந்து காட்டினால், அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்த்து, எந்த ஊர், எந்தக் காலம், அசலா போலியா என்று சொல்லுவார். அந்த நாற்காலி என் நண்பருடையது. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்த கன்னடக்காரர். கிரேக்கக் காசு என்றால் அவருக்கு உயிர். எங்கெங்கிருந்தோ வாங்கி ஜெராக்ஸ் எடுத்த படங்களை ஒரு தடி ஃபைலாக வைத்திருந்தார். என் வேலை பெஞ்சு இழுத்துப் போடுவது, ஃபிளாஸ்கில் காபி வாங்கி வருவது. இருந்தாலும் வாட்ச் ரிப்பேர் கடையில் வாங்கிய லென்ஸ் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவேன். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆள்.

பிழைப்புக்கு நான் பீன்யாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை செட்டர். மேலேயிருந்து பஞ்ச் இறங்கும், கீழே டை இருக்கும், நடுவில் தகட்டை விட்டால் வாஷர் விழும். அந்த டையை அச்சுப் பிசகாமல் உட்கார வைக்க வேண்டியது நான். ஓட்டை நடுவில் இல்லையா, ஓரம் வெடித்திருக்கிறதா, அந்த வாஷர் சிவப்பு டப்பாவுக்குப் போய்விடும். அதுதான் ரிஜெக்ட் டப்பா. பதினாலு வருஷம் இதையே செய்து, எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். பெண் பார்க்கப் போன இடத்தில் வாசற்படி லெவலாக இல்லை என்று சொல்லித் தொலைத்தவன் நான். நல்ல வேளை, அவர்கள் என்னைச் சிவப்பு டப்பாவில் போடவில்லை.

அந்த ஞாயிறு நான் தரையில் நடக்கவே இல்லை, மிதந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஒரு அலெக்சாண்டர் காசு இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், சின்ன வயதிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய சேர்த்து வைத்திருந்த அரையணா, காலணா எல்லாவற்றையும் சண்டே பஜாரில் ஒருத்தனிடம் கொடுத்து அதை மாற்றி வாங்கியிருந்தேன். சிங்கத் தோலைத் தலையில் போர்த்திய முகம். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். படம் கச்சிதமாக நடுவில். என் மிஷினில் அடித்த மாதிரியே இருந்தது. ஆசை வந்ததே அதனால்தான்.

நண்பர் எதிர்ப்பக்க ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போனார். நான் வழக்கமாகக் கூடப் போய், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தரச் சொல்லி பை-டூ சொல்லுகிறவன். அன்றைக்குப் போகவில்லை. அவர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அந்த அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சர்ச்சிலிருந்து நேராக வந்த மாதிரி வெளிர் நிறப் புடவை, கையில் ஒரு துணிப்பை. என் கழுத்து லென்ஸைப் பார்த்தார்.

"சார், இத கொஞ்சம் பாத்துச் சொல்லணும் சார்."

சார்! அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஷாப்பில் "டேய்", வீட்டில் "ஏங்க", பஸ்ஸில் "யோவ்". அந்த ஒரு வார்த்தையில் என் மூளை லீவ் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கர்ச்சீப் முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிக் காசை எடுத்தார். தடியாக, கட்டியாக, பருப்பு வடையை யாரோ உள்ளங்கையில் வைத்து அமுக்கிய மாதிரி. அவர் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரராம். இறந்து நாலு வருஷம். கூட வேலை பார்த்த கிரேக்கர் ஒருத்தர் காய்ச்சலாகக் கிடந்தபோது இவர் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தே தேற்றினாராம். பிரியும்போது அந்த மனிதர் கொடுத்த காசு இது.

"இது ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக் காசுன்னு அவர் சொல்லுவார் சார். எங்க வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க. என் கொழுந்தனார் வந்து, அண்ணன் விட்ட டூப்புலயே பெரிய டூப்பு இதுதான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவார். கப்பல்காரங்க பேச்சு எப்படின்னு உங்களுக்கே தெரியும். நான் ஒருத்திதான் நம்பினேன்."

பேரனுக்கு ஞானஸ்நானம் வருகிறது. வீட்டிலிருந்த பழைய வெள்ளியை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசும் அரைஞாணும் செய்யப் போகிறார்கள். இதையும் சேர்த்து உருக்கு என்கிறார் கொழுந்தனார்.

"அவர் சொன்னது நெசம்னா இத நான் யாருக்கும் தர மாட்டேன். பொய்னா, பிள்ளை கால்லயாவது கெடக்கட்டும். அதான் கேட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

இவ்வளவு தெளிவாக ஒரு மனுஷி வந்து சொல்லும்போது, "கொஞ்சம் இருங்கம்மா, தெரிஞ்சவர் காபி குடிக்கப் போயிருக்கார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.

ஷாப்பில் வாஷரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். ஒரு பக்கம் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் முகம். படம் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஓடியிருக்கிறது. ஹெல்மெட்டின் உச்சியையே காணோம். மறுபக்கம் ஒரு ஆந்தை, அதுவும் ஒரு சதுரப் பள்ளத்துக்குள் நிற்கிறது. ஓரத்தில் இரண்டு வெடிப்பு.

"மேடம், இது சென்டர் அவுட். ஓரம் கிராக். எங்க ஷாப்ல இது ஓடாது" என்று ஆரம்பித்தேன். "அப்புறம் இங்க பாருங்க, மூஞ்சி பக்கவாட்டுல இருக்குது, கண்ணு மட்டும் நேரா நம்மள பாக்குது. டை வெட்டுனவனுக்குத் தொழிலே தெரியல. இதுல எழுத்து வேற. ஒரு ஏ, ஒரு ஈ. நடுவுல வட்டம் போட்டு அதுக்குள்ள ஒரு புள்ளி. இது இன்னான்றீங்க? ட்ரில் போடறதுக்கு முன்னாடி நாங்க போடற மார்க்கு. ஏதோ ஒர்க் ஷாப்ல இப்ப செஞ்சது."

அதோடு விட்டேனா? இல்லை.

"எல்லாத்துக்கும் மேல, காசுன்றது லட்சுமி. அதுல எவனாவது ஆந்தையப் போடுவானா மேடம்? அது கத்தினாலே நம்ம வீட்ல கதவ சாத்துவோம்."

என் அலெக்சாண்டரை எடுத்து அவர் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அசல்னா இப்பிடி இருக்கணும்."

அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கர்ச்சீப்பை மட்டும் நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ வெள்ளி கூட இல்லையா சார்?"

"உள்ள பித்தளையா இருந்தாலும் இருக்கும். உருக்குறதுக்கு முன்னாடி வெட்டிப் பாக்கச் சொல்லுங்க."

ரஸ்ஸல் மார்க்கெட் பின்னாடி ஒரு வெள்ளிப் பட்டறைக்கு நேராகப் போவதாகச் சொல்லிவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். வாசல் வரைக்கும் போய் ஒரு தரம் நின்றார். என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து நண்பர் வந்தார். நான் முதலில் என் அலெக்சாண்டரைக் காட்டினேன். அவர் காசின் முகத்தைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தார். விரல் நகத்தால் ஓரத்தைச் சுற்றி ஒரு தரம் வருடினார். சிரித்துவிட்டார். சிநேகிதனைக் 'குரு' என்று கூப்பிடுவது பெங்களூர் வழக்கம்.

"குரு, ஓரத்துல சுத்திலும் ஒரு கோடு ஓடுது பாரு. ரெண்டு பாதி அச்சு வெச்சு உருக்கி ஊத்துனது. டூப்ளிகேட். அதோட இது அலெக்சாண்டர் மூஞ்சியே இல்ல. ஹெராக்ளீஸ்னு அவங்க ஊர் வீரன். அலெக்சாண்டர் பேர் காசோட பின்பக்கம் இருக்கும், முன்னாடி மூஞ்சியப் பாத்து பேர் சொல்லக் கூடாது."

என் பிஸ்கட் டின் மொத்தமும் போச்சு. ஆனாலும் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "அத விடு, உன் சீட்ல உக்காந்து ஒரு டூப்ளிகேட்ட நான் புடிச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு குறையாக விரல் விட்டுச் சொன்னேன். படம் நடுவில் இல்லை என்றேன். தலையாட்டினார். ஓரம் வெடிப்பு என்றேன். தலையாட்டுவதை நிறுத்தினார். முகம் பக்கவாட்டில், கண் நேராக என்றேன். ஆந்தை என்றேன். அவர் கையிலிருந்த என் அலெக்சாண்டர் மேஜைக்கு வந்தது.

"அய்யோ தேவ்ரே" என்றார்.

ஃபைலை இழுத்துப் பிரித்து, ஒரு ஜெராக்ஸ் தாளை என் முன்னால் தள்ளினார். அந்த முகம், அந்தக் கண், உச்சி வெட்டுப்பட்ட ஹெல்மெட். மறுபக்கம் அதே ஆந்தை, சதுரப் பள்ளத்துக்குள். ஏ, ஈ, நடுவில் புள்ளி வைத்த வட்டம். அது அவர்கள் மொழி எழுத்தாம், ஊர்ப் பேரின் ஆரம்பமாம்.

"ஏதென்ஸ் காசு குரு. அந்த காலத்துல மிஷினா இருந்துச்சு? சூடு பண்ண வெள்ளிக் கட்டிய டை மேல வெச்சு, கைல பஞ்ச் புடிச்சு, சுத்தியால ஒரே போடு. சென்டர் விலகும், ஓரம் வெடிக்கும். வெடிக்காம உன் வாஷர் மாதிரி இருந்தாத்தான் சந்தேகப்படணும். ஆந்தை அவங்க சாமியோட பறவை. கண்ண அவங்க அப்பிடித்தான் வெட்டுவாங்க. நீ சொன்ன ஒவ்வொரு குறையும் அது அசலா இருக்கறதுக்கு அடையாளம்."

"அப்ப அது அசல்தானா?"

"பாக்காம நான் எப்பிடிச் சொல்றது? ஆந்தையிலயும் டூப்ளிகேட் இருக்கு. உன்ன மாதிரி வாயால சொல்ல மாட்டேன். அந்தம்மா எங்க?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சைக்கிளில் இருந்தேன்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் மரம், நடுவில் வேர்க்க விறுவிறுக்க நான், கழுத்தில் லென்ஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தது. மார்க்கெட் பின்னாடி சந்தில் முதல் இரண்டு பட்டறை பூட்டிக் கிடந்தது. மூன்றாவதில் புகை வந்தது.

உள்ளே அந்த அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உருக்குகிற மண் மூசையில் பழைய கொலுசெல்லாம் ஏற்கெனவே உருகிச் செக்கச்செவேல் என்று தளதளத்துக்கொண்டிருந்தது. பட்டறை பாய் பட்டடைக்கல் மேல் ஆந்தையை வைத்து, அதன் மேல் உளியை வைத்து, சுத்தியை ஓங்கியிருந்தார்.

"நிறுத்துங்க பாய்!" என்று கத்தினேன். சுத்தி என் குரலை விட ஒரு நொடி சீக்கிரம்.

பாய் நிதானமாக நிமிர்ந்தார். "இன்னா கலாட்டா? ஒரு வெட்டுதான் போட்டேன். உள்ள பித்தளை இருக்கும், வெட்டிப் பாருன்னு எவனோ சொன்னானாம். உள்ள வரைக்கும் நல்ல சாந்தி."

சாந்தி என்றால் அவர் பேச்சில் வெள்ளி. அந்த எவனோவாகிய நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாவிடம் போய் நின்றேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அம்மா, நான் சார் இல்லம்மா. பீன்யால வாஷர் அடிக்கிற ஷாப்ல டை மாத்துறவன். மூணாங்கிளாஸ். அந்த சீட்டு என்னுது இல்ல. நான் சொன்னது அத்தனையும் தப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அவர் சொன்னது நெசமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எனக்கு விடுதலை. ஆனால் இரண்டாவது தரமும் பார்க்கத் தெரியாமல் வாய் விட்டால் நான் மனுஷனே இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவன் ஒருத்தன் அங்க ஒக்காந்திருக்கான். அவன் பாக்கணும். வாங்கம்மா."

"இன்னொரு தடவ அங்க வந்து அசிங்கப்பட என்னால முடியாது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பாய்தான் காசை லைட்டுக்குக் கீழே பிடித்தார். "பெஹன், இங்க பாருங்க. என் வெட்டு வெள்ளையா இருக்குதா? பக்கத்துலயே இன்னொரு வெட்டு இருக்குது பாருங்க, கருகருன்னு, பழசு. எனக்கு முன்னாடியே எவனோ என் தொழில் பண்ணியிருக்கான், சந்தேகப்பட்டு. போய் காட்டிட்டு வாங்க. இந்த ஆளு சைக்கிள்ல வந்த வேகத்தப் பாத்தா பொய் சொல்ற ஆளாத் தெரியல. முட்டாளாத்தான் தெரியுது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அது.

அந்த அம்மா ஆட்டோவிலும், நான் பின்னாலேயே சைக்கிளிலுமாக வகுப்பறைக்குத் திரும்பினோம். நண்பர் காசை வாங்கித் துண்டு மேல் வைத்தார். பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. எடை போட்டார். ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய வெட்டின் உள்ளே லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். ஜெராக்ஸ் தாள்களில் நாலைந்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரு காசுக்கு முன்னால் ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அதற்குள் மூன்று தரம் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

"அசல்மா" என்றார் கடைசியில். "ஏதென்ஸ் ஊர்ல அடிச்சது. பதினேழு கிராமுக்குக் கொஞ்சம் மேல, எடை சரியா இருக்கு. பழைய வெட்டுக்குள்ளயும் மேல இருக்கற மாதிரியே காலம் ஏறியிருக்கு. இது அந்த காலத்து வியாபாரி எவனோ வெள்ளிதானான்னு சோதிச்சுப் பாத்தது."

"எத்தன வருஷம் இருக்கும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஸ்வல்ப முன்ன பின்ன... ரெண்டாயிரத்து நானூறு."

அவர் வீட்டுக்காரர் சொன்ன கணக்கை நான் நண்பரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

அந்த அம்மா அழவில்லை. பெஞ்சில் குழந்தைகள் பேனாவால் கிறுக்கி வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்கேருந்து பட்டறைக்குப் போற வழியெல்லாம் அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போனேன். முப்பது வருஷம் என்ன ஏமாத்திட்டீங்களேன்னு. செத்துப் போனவர்கிட்ட எப்பிடி மன்னிப்பு கேக்கறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க சார்."

காலையில் அதே வார்த்தை என்னை மிதக்க வைத்தது. இப்போது கன்னத்தில் பளீரென்று விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நண்பர் ஒரு சின்னக் காகித உறையை எடுத்தார். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு உறை, அதன் மேல் ஊர், காலம், உலோகம், எடை எல்லாம் எழுதுவது வழக்கம். யார் கையிலிருந்து வந்தது என்றும் ஒரு வரி உண்டு. அந்த வரியை மட்டும் நானே எழுதுகிறேன் என்று அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். மிளகு ரசம் வரைக்கும் பொடி எழுத்தில் எழுதினார். உறையில் இடம் போதவில்லை, பின்பக்கம் திருப்பி எழுதினார். எல்லாம் முடிந்ததும் நண்பரிடம் நான் கெஞ்சிக் கேட்டு இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். "புது வெட்டு ஒன்று, தெரியாமல் தீர்ப்புச் சொன்னதால்." என் பேரைப் போடச் சொன்னதற்கு, அவ்வளவு பெரிய மரியாதை உனக்குத் தேவையில்லை என்றுவிட்டார்.

ஞானஸ்நான விருந்துக்கு எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார் அந்த அம்மா. என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அங்கே போனதும் புரிந்தது. கொழுந்தனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, "தம்பி, அன்னிக்கி நடந்தத ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சொன்னேன். பருப்பு வடை, வாஷர், ட்ரில் மார்க், லட்சுமி, பாய் கொடுத்த பட்டம் எல்லாம். வீடே சிரித்தது. இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து. கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. காசை ஓரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் எனக்கும் ஒருதரம் இந்த ரசக் கதைய சொன்னாரு. நான் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டேன்" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். உள்ளே தொட்டிலில் குழந்தை காலை உதைத்தது, புதுக் கொலுசு சத்தம் கேட்டது.

அந்த வகுப்பறைக் கூட்டம் இரண்டாயிரத்துக்குப் பிறகு கலைந்துவிட்டது. அந்த ரோட்டில் இப்போது சைக்கிளில் போனால் வீட்டுக்குத் திரும்பி வருவது நம் கையில் இல்லை. நண்பர் ரிட்டயர் ஆகி மைசூர் பக்கம் போய்விட்டார். நானும் அந்த ஃபைலை வைத்து ஏதோ கொஞ்சம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். யாராவது காசைக் கொண்டுவந்து நீட்டினால், லென்ஸை எடுப்பதற்கு முன்னால், இதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு காசுக்கு ஊரும் காலமும் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தத் தப்பு காசோடு நின்றுவிடாது, அதை நம்பிக் கொடுத்த ஒரு மனுஷனின் வார்த்தை மேல் போய் விழும் என்பது, வாஷர் அடித்துக் காய்த்துப்போன என் மண்டைக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ஏறியது.